புறாவின் வழியில் நிலத்தின் பங்கு: பாலாற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மதிப்பீடு

பல கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடப்பட்ட புறா தன் கூட்டுக்கு வந்து சேர்வதில் கீழே விரியும் நிலத்துக்கு என்ன பங்கு? இந்தக் கேள்விக்கு வந்த விடைகளுள் மிகச் சுருக்கமானதும் மிகத் துணிச்சலானதும் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் 2014இல் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை. ரிச்சர்ட் மான், டோரா பைரோ, டிம் கில்ஃபோர்ட் முதலியோர் சேர்ந்து எழுதியது. நிலக்காட்சி மிக எளிதாக இருந்தாலும் வழி புறாவின் நினைவில் தங்குவதில்லை. மிகச் சிக்கலாக இருந்தாலும் தங்குவதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் அது ஆழப் பதிகிறது என்பது அதன் முடிவு. வேலிவரிசைகள் கோடிட்ட வயல்வெளியும் ஊர் முடிந்து வயல் தொடங்கும் விளிம்பும் வழி பதிய ஏற்றவை. ஒரே நிறமாய்க் கிடக்கும் வெளியும் நெருக்கமான நகரமும் ஏற்றவை அல்ல.

கவர்ச்சியான முடிவு என்பதாலேயே இதைக் கண்டிப்போடு நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் தராசு திருப்பத்தூர் மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் பாலாறும் இருப்புப்பாதையும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் நெருங்கிச் செல்லும் பள்ளத்தாக்கு இது; அதையடுத்து ஜோலார்பேட்டைச் சமவெளி. தெற்கே ஜவ்வாது மலை, இடையில் தனித்து நிற்கும் ஏலகிரி, வடக்கே ஆந்திர எல்லைக் குன்றுகள், ஆற்றோரம் தென்னந்தோப்புகள், ஊர்களை ஒட்டித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். புறா ஆய்வின் பெரும்பகுதி நடந்த ஐரோப்பிய நிலங்களுக்கு ஏறத்தாழ எல்லா வகையிலும் மாறுபட்ட இடம். ஒரு முடிவு பொதுவிதியா, பிறந்த ஊரின் இயல்பா என்பது இப்படி மாறுபட்ட நிலத்தில்தான் தெரியவரும்.

முதலில் நிறைகள். அவை சிறியவை அல்ல. ஆக்ஸ்ஃபோர்டுக்கு முந்தைய ஆய்வுகளில் எது அடையாளம், எது அடையாளமன்று என்பதை முடிவு செய்தவர் ஆய்வாளரே. தேவாலயக் கோபுரமும் ஏரியும் மனிதக் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவதால் புறாவுக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு குழு இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. முதலில் புறாவின் முதுகில் சிறு ஜி.பி.எஸ். கருவியைக் கட்டி, அது பறந்த தடத்தைப் பதிவு செய்தது. அந்தத் தடத்தில் எந்தப் பகுதிகளில் பறவை தன் பழைய வழியை விட்டு அசையவில்லை என்று கணக்கிட்டது. அதன் பிறகே அங்கே நிலம் எப்படி இருக்கிறது என்று கேட்டது. 2006இல் வான்படத்திலுள்ள விளிம்புகளை எண்ணும் முறை வந்தது. 2011இல் தடத்தின் எந்தப் புள்ளி அடுத்த பயணத்தை முன்னறிவிக்க உதவுகிறது என்று கணிக்கும் புள்ளியியல் முறை வந்தது. 2014 கட்டுரை இவ்விரண்டையும் இணைத்து, 4 இடங்களிலிருந்து சராசரியாக 20 முறை விடப்பட்ட 31 புறாக்களின் தடங்களை அலசியது. ஆய்வாளரின் கண்ணைப் பின்னுக்குத் தள்ளி, பறவையின் நடத்தையை முன்னுக்குக் கொண்டுவந்த இந்த முறைமைதான் அக்கட்டுரையின் உண்மையான சாதனை. முடிவு நாளை திருத்தப்படலாம், முறைமை நிற்கும்.

இதற்கு அடித்தளமிட்டது பைரோ, மீட், கில்ஃபோர்ட் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு. ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப விடப்பட்ட புறாக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வழியை வகுத்துக்கொள்கின்றன. அந்த வழி மிகக் குறுகியதாக இருப்பதில்லை, பக்கத்துப் புறாவின் வழியோடு ஒத்துப்போவதும் இல்லை. வழியிலிருந்து விலக்கி வேறிடத்தில் விட்டாலும் பறவை தன் பழைய தடத்தைத் தேடிச் சேர்ந்து, அதன்படியே வீடு வருகிறது. திசைகாட்டி ஒன்றை மட்டும் நம்பும் பறவை இப்படிச் செய்யத் தேவையில்லை. பழகிய நிலத்தில் கண்ணால் கண்டறிந்து பறப்பது இதனால் உறுதிப்பட்டது. துறையில் இதைவிடத் தெளிவான சான்றுகள் குறைவு.

இனிக் குறைகள். முதற்குறை, நிலத்தை மேலிருந்து எடுத்த தட்டையான படமாகக் கொண்டது. புறா செயற்கைக்கோளின் உயரத்தில் பறப்பதில்லை. தாழப் பறக்கும் பறவைக்குக் கீழே உள்ள விளிம்புகளோடு தொலைவிலுள்ள தொடுவானமும் தெரிகிறது. அதன் கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்தவை; பக்கவாட்டுக் காட்சி அதற்கு மிகுதி. ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றியுள்ள மென்மேடுகளில் தொடுவானத்தை விட்டுவிட்டாலும் கணக்கு பெரிதாகப் பிசகாமல் இருக்கலாம். ஜோலார்பேட்டைச் சமவெளியில் அப்படி விட முடியாது. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயர்ந்த ஏலகிரி, சுமார் 400 மீட்டர் உயரத்திலுள்ள சமவெளியிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது. பறக்கும் புறாவுக்கு அது கீழே கிடக்கும் பொருளன்று. தலைக்கு மேல் நிற்கும் சுவர். வான்படத்தில் அதே ஏலகிரி விளிம்புகள் குறைந்த பச்சைப் பரப்பு. மிக எளிய நிலம், வழி பதிய ஏற்றதல்ல என்று ஆக்ஸ்ஃபோர்டு அளவை அதைத் தள்ளிவிடும். மாவட்டத்திலேயே கண்ணுக்குத் தப்ப வாய்ப்பில்லாத அடையாளத்தைத் தள்ளிவிடுகிற அளவையைப் பொதுவிதி என்று ஏற்பது கடினம்.

இரண்டாவது குறை, படம் அசையாதது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெண்மணல் பட்டையாகவே கிடக்கிறது. 2021 நவம்பரைப் போல வெள்ளம் புரளும் காலத்தில் கரைகளின் கோடே வேறு. ஏரி நிறைந்திருக்கையில் நீர்விளிம்பு ஓரிடம். சித்திரையில் வற்றிக் கிடக்கையில் வேறிடம். மழைக்குப் பின் மானாவாரி நிலம் பச்சை, கோடையில் செம்மண். ஒரு பருவத்தில் கற்ற வழி மறுபருவத்தில் எந்த அளவு உதவுகிறது என்ற கேள்வியே ஆக்ஸ்ஃபோர்டு அளவையில் எழவில்லை. பருவத்தோடு நிலம் இவ்வளவு மாறாத நாட்டில் அது எழாமல் போனது இயல்பே. ஆயினும் பருவத்தைச் சேர்க்காத ‘சிக்கல்தன்மை’ என்பது பாதி அளவைதான்.

மூன்றாவது குறை நுட்பமானது. எளிமைக்கும் சிக்கலுக்கும் நடுவில் எங்கோ ஓர் உச்சம் உண்டு என்கிறது கட்டுரை. அந்த உச்சம் எங்கே விழும் என்று தரவைப் பார்க்குமுன் சொல்ல வல்ல கோட்பாடு அதில் இல்லை. புறா தன் சூழலை ஒரு குறிப்பிட்ட பரப்பளவில் வாங்கிக்கொள்கிறது என்று ஆசிரியர்கள் அனுமானிக்கிறார்கள். அந்த அனுமானத்தைப் பறவையின் பார்வைக்கூர்மையிலிருந்தோ பறக்கும் வேகத்திலிருந்தோ வருவித்துக் காட்டவில்லை. வெவ்வேறு ஊர்களில் வழிக்கல்வி வெவ்வேறு அளவில் வெற்றி பெற்றது ஏன் என்பதைத் தம் முடிவு விளக்கும் என்று அவர்கள் சொல்வது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் நிறைவேறிய நிரூபணமன்று.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது ஹான்ஸ்-பீட்டர் லிப் குழுவினர் ரோம் நகரைச் சுற்றி மூன்றாண்டு நடத்தி 2004இல் ‘கரண்ட் பயாலஜி’யில் வெளியிட்ட ஆய்வு. 216 தடங்கள், 50 கிலோமீட்டர் வரை தொலைவு. அனுபவமுள்ள புறாக்கள் நெடுஞ்சாலைகளையும் ஓர் இருப்புப்பாதையையும் ஒட்டிப் பறந்தன. பல பறவைகள் பெரிய சந்திப்பு வரை சாலையோடே போய், அங்கே பிரிந்து கூட்டை நோக்கித் திரும்பின, சுற்றுவழியாக இருந்தபோதும். திரும்பத் திரும்ப விடப்பட்டபோது இந்தப் பழக்கம் வலுத்தது. ஆகவே இது கற்றது. அவதானிப்பின் செழுமையில் ஆக்ஸ்ஃபோர்டை விஞ்சும் ஆய்வு இது. சாலை தனித்தனி அடையாளங்களின் தொகுப்பாக அல்லாமல், எடுத்த திசையை நிலைநிறுத்தும் கைப்பிடியாகப் பயன்பட்டிருக்கலாம் என்ற அதன் விளக்கமும் ஆழமானது. தொடர்ந்து லிப் உள்ளிட்ட குழு 2009இல் பறக்கும் புறாக்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து, நிலவடையாளங்கள் பார்வைக்கு வரும்போது அலைகள் மாறுவதைக் காட்டியது.

ஆனால் ரோம் ஆய்வில் ஒரு வரி இருக்கிறது. அதை வேகமாகக் கடந்துவிடக் கூடாது. 40 முதல் 50 விழுக்காடு தடங்களில் சாலையைப் பின்பற்றும் போக்கு தெளிவாகத் தெரிந்தது, பெரும்பாலும் வடமேற்கு–தென்கிழக்கு அச்சில் அமைந்த இடங்களிலிருந்து விட்டபோதுதான். மற்றத் திசைகளில் அது மங்கியது. சாலை வீட்டை நோக்கிச் செல்லும் திசையில் புறா சாலையோடு பறந்தால், அது சாலையைப் பின்பற்றியதா, வீட்டின் திசையைப் பின்பற்றியதா? இரண்டும் ஒன்றாகவே இருக்கும் இடத்தில் எவ்வளவு தடங்களைச் சேர்த்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. நிலத்தின் பங்கைப் பற்றிய எந்த முடிவுக்கும் நான் வைக்கும் முதல் அளவுகோல் இதுதான்: விடும் இடங்கள் நிலவடிவத்தையும் திசையையும் பிரிக்கின்றனவா?

இந்த அளவுகோலில் நம் நாட்டுச் சான்றுகளும் தேறவில்லை. ஒடிசா காவல்துறையின் புறா அஞ்சல் 1946இல் இராணுவம் தந்த 200 புறாக்களோடு கோராபுட் மாவட்டத்தில் தொடங்கியது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பந்தயத்துக்காக அல்லாமல் பணிக்காகவே பறந்த பறவைகள் என்ற வகையில் ஜவ்வாது மலைக்கு இதைவிட நெருங்கிய முன்னுதாரணம் இல்லை. 1948 ஏப்ரல் 13 அன்று சம்பல்பூரிலிருந்து நேரு அனுப்பிய செய்தி புறா வழியாகக் கட்டாக் சேர்ந்தது. 1982 வெள்ளத்திலும் 1999 பெரும்புயலிலும் தொலைத்தொடர்பு அறுந்தபோது புறாக்களே துணை. 2002இல் சேவை நிறுத்தப்பட்டது. நம்பகத்துக்கு மேலான சான்று இது. வழிக்கான சான்றாக இதைக் கொள்ள இயலாது. அஞ்சலுக்குத் தேவை புறப்பாடும் வருகையும். இடையில் பறவை எங்கே பறந்தது என்பது அதன் கவலை அன்று. மேலும், சம்பல்பூரையும் கட்டாக்கையும் மகாநதியே இணைத்து ஓடுகிறது. அந்தப் புறா ஆற்றைப் பார்த்து வந்ததா, திசையைப் பார்த்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல அந்தப் பயணத்தில் வழியில்லை.

சென்னையின் பந்தயப் புறாக்களுக்கும் இதே நிலை. ஓங்கோல், விஜயவாடா, பல்ஹார்ஷா, நாக்பூர் என்று வடக்கே செல்லும் இருப்புப்பாதையை ஒட்டியே அவற்றை விடுவது வழக்கம். பறவையைக் கொண்டுசெல்ல இரயில் வேண்டும் என்பதால் வழக்கம் அப்படி அமைந்தது. வளர்ப்பவர்களின் பட்டறிவு மதிக்கத்தக்கது. எந்தப் புறா மேகமூட்டத்தில் தடுமாறும், எது தலைமை தாங்கிக் கூட்டத்தை இழுத்து வரும் என்று அவர்கள் அறிந்ததை ஆய்வுலகம் தாமதமாகவே அறிந்தது. ஆயினும் அவர்களின் திரண்ட அனுபவம் ஒற்றை அச்சில் திரண்டது.

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இந்தச் சிக்கல் உச்சத்தை அடைகிறது. ஆறு, சாலை, இருப்புப்பாதை மூன்றும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் போகின்றன. பருவக்காற்றும் அதே அச்சில் அடிக்கிறது: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் தொடங்கி வடகிழக்கு. காற்று எதைச் சுமந்து வருகிறது என்பதும் முக்கியம். ஃப்ளோரியானோ பாப்பி பீசா நகரில் 1970களின் தொடக்கத்தில் முன்வைத்த கருதுகோளின்படி, கூட்டில் வளரும் புறா எந்தக் காற்று எந்த மணத்தைக் கொண்டுவருகிறது என்று கற்றுக்கொள்கிறது. தெரியாத இடத்தில் விடப்பட்டால் அங்குள்ள மணத்தை வைத்து வீடு எந்தப் பக்கம் என்று கணிக்கிறது. சுண்ணாம்பும் சல்பைடும் இட்டு முடி களையும் தோல் தொழிற்சாலையின் நெடி ஆம்பூரை அடுத்த துத்திப்பட்டு வழியாகப் போகும் எவருக்கும் தெரியும். ஆம்பூரில் வளரும் புறாவுக்கு வாணியம்பாடியின் நெடி தென்மேற்குக் காற்றோடு வரும். ஆக, வாணியம்பாடியில் விட்ட புறா ஆம்பூர் சேர்ந்தால் ஆற்றின் ஆதரவாளர், சாலையின் ஆதரவாளர், மணத்தின் ஆதரவாளர் மூவரும் அதைத் தம் வெற்றி என்று எழுதிக்கொள்ளலாம். பள்ளத்தாக்கின் நீளத்தில் புறாவை விடும் சோதனை எத்தனை முறை நடந்தாலும் எதையும் நிறுவாது.

நிலத்தின் பங்கை மிகைப்படுத்துவோர் பதில் சொல்ல வேண்டிய சான்றுகள் இன்னும் உண்டு. 1972இல் ஷ்மிட்-கோனிக்கும் ஷ்லிக்டேயும் புறாக்களின் கண்ணில் மங்கலான வில்லைகளைப் பொருத்தினார்கள். நிலவடிவம் தெளிவாகத் தெரியாத நிலையிலும் பறவைகள் வீட்டுத் திசையில் பறந்து, சில கூட்டின் அருகே வரை வந்து சேர்ந்தன. தெரியாத நிலத்திலிருந்து வீட்டுத் திசையை அறிய உருவங்கள் இன்றியமையாதவை அல்ல என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது. அன்னா காக்லியார்தோ குழுவினர் 2006இல் மூக்கு நரம்பை அறுத்த புறாக்கள் தெரியாத இடத்திலிருந்து திரும்பத் தவறுவதையும், காந்த உணர்வோடு தொடர்புபடுத்தப்பட்ட முப்பிரி நரம்பை அறுத்தவை தடையின்றித் திரும்புவதையும் காட்டினர். ஆக்ஸ்ஃபோர்டு குழுவே 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நடுநிலையானது: வழி பழகிய புறாக்கள் சூரியனை வைத்துத் திசை அறிய உதவும் உடற்கடிகாரத்தைச் செயற்கை ஒளியால் மாற்றி விட்டபோது, அவை பழைய வழியை விட்டுச் சற்றே தள்ளி, அதற்கு இணையாகப் பறந்தன. சூரியன் ஒரு பக்கம் இழுக்க, நிலம் மறுபக்கம் இழுக்க, பறவை இரண்டுக்கும் இடம் கொடுத்தது. என் பார்வையில் 2014 கட்டுரையைவிட இது முதிர்ந்த ஆய்வு. ஒற்றைக் காரணத்தை நாடாமல் காரணங்களின் எடையை அளந்தது.

அந்த எடை இங்கே அதேபோல் விழுமா? ஆக்ஸ்ஃபோர்டில் சூரியன் எந்நாளும் தெற்கே சாய்ந்தே நண்பகலைக் கடக்கிறது. ஆம்பூரில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் அது நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. உச்சிக்கு வரும் நாள்களில் காலை முழுதும் அது ஏறத்தாழக் கிழக்கிலேயே நின்று, நண்பகலில் சில நிமிடங்களுக்குள் மேற்குக்கு மாறிவிடுகிறது. பறவையின் கடிகாரத்தை ஆறு மணிநேரம் மாற்றினால் ஐரோப்பாவில் திசை கால்வட்டம் அளவு பிசகும். இங்கே அந்நாள்களில் காலைப் பொழுதை மாலைப் பொழுதாக்கினால் நேர் எதிர்த்திசைக்கே திரும்ப வேண்டும், காலைக்குள்ளேயே இரண்டு மணிநேரம் மாற்றினாலோ பிசகே தோன்றக் கூடாது. சூரியனையும் நிலத்தையும் மோதவிட்டுப் பார்க்க இதைவிடக் கூர்மையான கருவி ஐரோப்பிய ஆய்வகத்துக்குக் கிடைக்காது. பூமியின் காந்தப் புலக்கோடுகளும் தென்னிந்தியாவில் ஏறத்தாழக் கிடையாகவே செல்வதால், கோட்டின் சாய்வை வைத்துத் திசை அறியும் முறையும் வலுவிழக்கிறது. சூரியனும் காந்தமும் தளரும் இடத்தில் நிலத்தின் பங்கு கூடும் என்று எதிர்பார்ப்பது நியாயம். காந்த நடுக்கோட்டுக்கு அருகே பிரேசிலில் ரன்வாட், ஷ்மிட்-கோனிக் முதலானோர் 1980களில் சோதனை செய்ததுண்டு. அது ஜி.பி.எஸ்.ஸுக்கு முந்திய காலம். புறா கண்ணுக்கு மறையும் முதல் திசைதான் அவர்களுக்குக் கிடைத்த அளவை. நிலம் தன் வேலையைச் செய்வது அதற்குப் பிறகு.

என் தீர்ப்பு இது. பழகிய நிலத்தில் வழியை நினைவில் கொள்ள நிலவடிவம் உதவுகிறது என்பது ஐயத்துக்கு அப்பால் நிறுவப்பட்டது. தெரியாத இடத்தில் வீடு எங்கே என்று சொல்வது நிலவடிவம் என்பதற்குச் சான்றில்லை. அங்கே மணத்தின் வழக்கு வலுவாகவே நிற்கிறது. நடுத்தரச் சிக்கலே உகந்தது என்ற 2014 முடிவு முறைமையில் முதல்தரமானது, எல்லையில் குறுகியது; மலையும் கூர்மையான பருவமாற்றமும் இல்லாத நிலத்தின் விதி. சாலையைப் பின்பற்றும் போக்கு உண்மையானது. அச்சிலிருந்து விலகிய சோதனை வரும்வரை அதன் அளவை நம்ப முடியாது.

அந்தச் சோதனைக்கு வேண்டியவை எளியவை. ஆம்பூரில் ஒரு கூடு. பள்ளத்தாக்கின் அச்சை விட்டு வடக்கே பேரணாம்பட்டிலும் தெற்கே ஆலங்காயத்திலும் விடும் இடங்கள். முன்னதில் தோல் நெடி உண்டு, பின்னதில் இல்லை. இரண்டாவது கூடு திருப்பத்தூரில் அமைந்தால், ஆம்பூரிலிருந்து அதற்கான நேர்கோடு ஏலகிரியை உரசிச் செல்லும். இருப்புப்பாதையோ மலையைக் கிழக்கே விட்டு ஜோலார்பேட்டை சுற்றி வரும். எந்தப் பறவை மலையை நம்புகிறது, எது தண்டவாளத்தை நம்புகிறது என்று ஒரு கோடையிலும் ஒரு மழைக்காலத்திலும் தெரிந்துவிடும். கருவிகள் இன்று எட்டாத விலையில் இல்லை. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919 முதல் இருக்கிறது, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951 முதல் இருக்கிறது. இவற்றின் அறிவியல் துறைகளும் புறா வளர்ப்போரும் ஒன்றுகூடி இந்த ஆய்வைத் தொடங்க வேண்டும்.